வாசல் வைக்காத மதில்

என் அக்கா புருஷனைக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் ‘தூக்குக்குண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டு அது. ஆளும் அப்படியே. ஆடமாட்டார், அலுங்கமாட்டார், வாயைத் திறக்கமாட்டார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, எல்லாரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க, முன்னறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து, “ஈரம் இறங்குது” என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். “இந்தக் கல்லுளிமங்கனோட எப்படித்தான் காலம் தள்ளப்போறியோ” என்று அக்காவிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. மதில் எழுப்புவதில் அவருக்கு ஈடு யாரும் கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. வாசல் எங்கே என்பதை அவர் ஒருநாளும் முடிவு செய்யமாட்டார். மண்ணும் மணலும் ஏற்றி லாரி உள்ளே வருவதற்கு ஓர் இடைவெளி விட்டுவைப்பார். அது வேறு, வாசல் வேறு. வீட்டுக்காரர் வந்து நின்று, ‘இங்கே’ என்று கைகாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் இடைவெளியை அடைத்துவிட்டு, காட்டிய இடத்தில் தூண் எழுப்புவார். பல வீடுகளில் புருஷன் கிழக்கே என்பான், பெண்டாட்டி வடக்கே என்பாள். மாமா கொத்துக்கரணையைக் கழுவி வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார். “முடிவாச்சுன்னா சொல்லுங்க” என்பார். நான் அவரை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் ‘சின்னவ’.

சாரத்துப் பலகை நழுவி அவர் விழுந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். மற்றவர்கள் தெருக்கோடிக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். கட்டடத்தின் பின்பக்கம், செங்கல் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்களும், தூக்குக்குண்டு எங்கேயாவது நிழலில் படுத்திருப்பார் என்று விட்டுவிட்டார்கள். பேசாத மனுஷனைத் தேட யாருக்கும் தோன்றாது. ஒரு சித்தாள் செங்கல் எடுக்கப் போனபோதுதான் பார்த்திருக்கிறாள். அதற்குள் அவருக்குக் குரல் போய்விட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பில் கம்பி வைத்து அனுப்பினார்கள். பிடித்துக்கொண்டு நடக்கும் இரும்புச் சட்டம் ஒன்றைக் கொடுத்து, தினம் நடக்க வேண்டும் என்றார்கள். நடக்கவும் அவரால் முடிந்தது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவார், தண்ணீர் எடுத்துக் குடிப்பார். ஆனால் தனியாக மட்டும் இருக்கமாட்டார். அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். கதவு பழைய காலத்துக் கதவு. இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். சாவி இரண்டு இருந்தன. ஒன்று அவர் விழுந்த அன்று சட்டைப்பையிலிருந்து செங்கலோடு செங்கலாகப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை வீடு வந்த அன்றே வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். “இன்னொண்ணு செஞ்சுக்கலாங்க” என்று அக்கா சொன்னபோது, “செய்யலாம்” என்றார். அது நடக்கப்போவதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதே ஒரு கூத்து. நான் தட்டுவேன். அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் வந்து, “இரு” என்பாள். அறைக்குப் போவாள். தலையணையைத் தூக்குவாள். வந்து திறப்பாள். என்னை உள்ளே விட்டுப் பூட்டுவாள். திரும்பவும் அறைக்குப் போய்ச் சாவியை வைப்பாள். காய்கறி வாங்கப் போனாலும் இதே கதைதான். கிளம்பும்போது, “சட்டுனு வந்துரு” என்பார். அவள் செருப்பு மாட்டியதும், “வலிக்கிற மாதிரி இருக்கு” என்பார். பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். அவருக்கு அந்த நேரத்தில் நிஜமாகவே வலித்திருக்கும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தவள். ஜன்னலோரத்து மெஷின் அவளுடையது. பக்கத்து மெஷின்காரியோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சட்டைக் கழுத்துப்பட்டி தைப்பாள், ஒரு தையல் பிசகாது. சம்பளம் கிடக்கட்டும், அவளுக்கு அந்தச் சத்தமும் அந்த மனுஷர்களும் வேண்டும். வீட்டில் அவளோடு பேசுவதற்கு ஒரு தூக்குக்குண்டுதானே இருக்கிறது! கூடத்தின் மேற்பார்வைக்கார அம்மா நல்லவர். இத்தனை நாள் அந்த மெஷினில் வேறு யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டார். கடைசியில், “இந்த மாசம் முடியிறதுக்குள்ள வந்துரும்மா. அதுக்கு மேல என்னால பிடிச்சு வெக்க முடியாது” என்று சொல்லி அனுப்பினார். அக்கா அதை மாமாவிடம் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத லேப்டாப் ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். அதில் பழைய ராஜா காலத்து ஊர் ஒன்றைக் கட்டும் விளையாட்டை ஏற்றினேன். காட்டுக்கு நடுவில் வெட்டவெளி ஒன்றைக் கொடுப்பார்கள். நாம் இடம் காட்டினால், விரல் நகம் உயரத்துக்கு இருக்கும் மனுஷர்கள் மரம் வெட்டி, கல் உடைத்து, கூடையில் சுமந்து வந்து வீடு கட்டுவார்கள். உழுவார்கள், அறுப்பார்கள். குளிர்காலத்துக்கு விறகும் துணியும் சேர்க்காவிட்டால் செத்துப்போவார்கள். மனுஷன் இதில் மூழ்கிவிட்டால் அக்கா நைசாக வேலைக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு.

முதல் நாள் மவுஸைக் கரணை பிடிப்பதுபோல் பிடித்தார். சின்ன மனுஷர்கள் சுவர் எழுப்பத் தொடங்கியதும் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

“அஸ்திவாரம் எடுக்காம ஏத்துறானுங்களே!”

“விளையாட்டு மாமா. விழாது.”

“விழாதுன்னு அவன் சொன்னானா?” என்று திரையிலிருந்த கொத்தனாரைக் காட்டிக் கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

என் சந்தோஷத்தில் மண் விழ இரண்டே நாள்தான் ஆயிற்று. அந்த விளையாட்டு அடிக்கடி சேதி சொல்லும். திரையின் மேல்பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி வரும். விறகு தீர்ந்தது, பயிர் விளைந்தது, கிணற்றுக்கு ஆள் வேண்டும் என்று ஏதாவது. அது மாமாவுக்குத் தெரியாத மொழி. அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. ஆக, மஞ்சள் எழுத்து வரும்போதெல்லாம், “இங்க வாயேன், என்னமோ போட்டிருக்கு” என்று கூப்பிட்டார். அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து படித்தாள். அடுப்படிக்குத் திரும்புவதற்குள் அடுத்த கூப்பாடு. கடைசியில் கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முன்பு வீட்டுக்குள் அடைந்து கிடந்தவள், இப்போது ஒரு நாற்காலிக்குள் அடைந்து கிடந்தாள். அதைச் செய்துவைத்த புண்ணியவதி நான்.

“நல்லா உதவி பண்ணினேடி” என்று அடுப்படியில் வைத்துச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

மாமாவின் ஊர் வளர்ந்தது. அப்புறம் ஒரு நாள் காட்டுப்பக்கத்திலிருந்து கொள்ளைக்காரர்கள் வந்து களஞ்சியத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை தொடங்கி மதில் கட்டினார். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், அப்படி ஒரு மதிலை அந்த விளையாட்டைச் செய்தவர்களே பார்த்திருக்கமாட்டார்கள். மூலைக்கு மூலை கோபுரம், எல்லா வீட்டையும் சுற்றி வளைத்து, இம்மி பிசகாத கல் மதில். என்னிடம் காட்டினார். அவர் முகம் தெளிந்திருந்தது.

“வாசல் எங்க மாமா?” என்றேன்.

“அத யாரு சொல்லணும்?” என்றார்.

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே காத்திருந்தார். வீட்டுக்காரர் வந்து கைகாட்டாமல் அவர் வாசல் வைத்ததே கிடையாது. “நீங்கதான் மாமா சொல்லணும். இந்த ஊருக்கு நீங்கதான் ராஜா” என்றேன். அவர் மதிலை ஒரு சுற்று பார்த்தார். “வெச்சா அவனுங்க உள்ள வந்துருவானுங்க” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மரவெட்டிகளின் காடு வெளியே இருந்தது. வயலும் வெளியே இருந்தது. சின்ன மனுஷர்கள் காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, மதில் வரை நடந்து வந்து, கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு திரும்பி வீட்டுக்குப் போவார்கள். மறுநாளும் வருவார்கள். மஞ்சள் எழுத்து வந்துகொண்டே இருந்தது.

“மரவெட்டிக்கு வேலைக்குப் போக வழியில்லையாம்” என்று அக்கா படிப்பாள்.

“ம்.”

“உழவனுக்கு வழியில்லையாம்.”

“பாக்கலாம்.”

“கொல்லன் குளிர்ல செத்துட்டானாம்.”

மாமா திரையில் அந்த வீட்டைத் தேடிப் பார்ப்பார். ஆனால் வாசல் வைக்கமாட்டார். செத்தவன் வீட்டை இடித்து, அந்தக் கல்லை எடுத்து மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூச்சு முட்டியது. பூட்டிய வீடு, சாத்திய ஜன்னல், அதற்குள் ஒரு திரை, அதற்குள்ளும் வழியில்லாத ஓர் ஊர். அக்கா அந்தச் சாவுகளைக் கடைச் சாமான் பட்டியல் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தாள். சண்டை போடு, கத்து, எதையாவது தூக்கி எறி என்று அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவள் எப்படிக் கத்துவாள்? யாரும் வராமல் கத்திக் கிடந்த மனுஷனிடம் போய் எப்படிக் கத்துவாள்?

மாசம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. எனக்கு விடுமுறை. வழக்கம்போல் கால்மாட்டில் இருந்தேன். மஞ்சள் எழுத்து வந்தது. மாமா அக்காவைப் பார்த்தார்.

“தையல்காரிக்கு வேலைக்குப் போக வழியில்லையாம்” என்று படித்தாள்.

நான் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தேன். ‘இலையுதிர்காலம் வந்துவிட்டது’ என்று எழுதியிருந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“தையல்காரியா? அவளுக்கு எங்க வேலை?” என்றார் மாமா.

“வெளியதான். நீங்க மதில் கட்டினப்போ அவ பட்டறை வெளிய விட்டுப்போச்சு.”

அவர் மவுஸை நகர்த்தித் தேடினார். மதிலோரத்தில் கூடையோடு ஒரு பெண் நின்றாள். எல்லாப் பெண்களுக்கும் அதில் ஒரே முகம்தான். “இவளா?” என்றார்.

“அவதான்.”

அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தப் பெண் திரும்பிப் போனாள், மறுநாள் வந்து நின்றாள், திரும்பிப் போனாள். விளையாட்டில் ஒரு நாள் என்பது கொஞ்ச நேரம்தான். எத்தனை தடவை அவள் வந்து நின்றாள் என்று நான் எண்ணவில்லை. மாமா ஒவ்வொரு தடவையும் அவள் பின்னாலேயே போனார்.

“பாவம், தினம் வருது” என்றார். பிறகு, ஜென்மத்தில் கட்டிய ஒவ்வொரு மதிலுக்கும் கேட்ட அதே கேள்வியை அக்காவிடம் கேட்டார். “வாசல் எங்க வைக்கணும்?”

“அவ நிக்கிற இடத்துல” என்றாள் அக்கா.

வைத்தார். சின்ன மனுஷர்கள் கல்லைப் பெயர்த்து, வளைவு கட்டி, மரக்கதவு மாட்டினார்கள். கதவு திறந்ததும் அத்தனை பேரும் வெளியே கொட்டினார்கள். மாமா பெருமூச்சு விட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்களைப் பார்ப்பாரே, அப்படி.

“போயிட்டாளா?”

அக்கா திரையைப் பார்த்தாள். “இல்லைங்க.”

“ஏன்? அதான் வாசல் வெச்சாச்சே?”

“வாசல் இருக்கு. சாவி அவ புருஷனோட தலையணைக்கு அடியில இருக்காம்.”

மாமா திரையில் இருந்த எழுத்தை உற்றுப் பார்த்தார். அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாதவர், அதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“சின்னவளே, அப்படியா எழுதியிருக்கு?”

என்னை ஏன் கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. இல்லை என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா மாமா. அப்படித்தான் எழுதியிருக்கு” என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடினார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா சாவி எடுக்கத் தலையணைப் பக்கம் குனிந்தபோது தலையைத் தூக்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். என்னை வெளியே விட்டுவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். சாவியோடு அவள் திரும்பவும் அந்த அறைக்கு நடந்து போகும் சத்தம் எனக்கு வெளியே கேட்டது. படியிறங்கும்போது அழுகை வந்தது. எல்லாம் சொல்லியாகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை.

மாசக் கடைசி நாள் எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தேன். இன்றைக்கு நானே அவரோடு சண்டை போடுவது, என்ன ஆனாலும் சரி என்று மூன்று மாடியும் மனதுக்குள் வசனம் பேசிக்கொண்டே ஏறினேன். கதவைத் தட்டினேன். ‘இரு’ என்ற குரல் வரவில்லை. மறுபடி தட்டினேன். உள்ளே நடக்கும் சட்டம் தரையில் ஊன்றி ஊன்றி வரும் சத்தம் கேட்டது. அது குளியலறையைத் தாண்டியது. முன்னறைக்கு வந்தது. வீடு வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கதவுவரை நடந்ததே இல்லை.

“யாரு?”

“நான்தான் மாமா. அக்கா எங்க?”

மூச்சு வாங்குவது கேட்டது.

“வேலைக்குப் போயிருக்கா. சாவி அவகிட்ட இருக்கு. சாயங்காலம்தான் வருவா.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “நீங்க குடுத்தீங்களா, அவளே எடுத்தாளா?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். என் வாய் அப்படி.

“காலைல தலையத் தூக்கினேன். எடுத்துக்கிட்டா. திரும்ப வெக்க வரல” என்றார். பிறகு, “நானும் கூப்பிடல” என்றார்.

திறக்கவும் முடியாது, போகவும் மனமில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார். சட்டம் நடுங்கி நடுங்கித் தரையில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“சின்னவளே.”

“சொல்லுங்க மாமா.”

“திரையில மஞ்சள்ல என்னமோ வந்திருக்கு. ரெண்டு வரி. நீளமா இருக்கு. யாராச்சும் செத்துட்டாங்களா?”

நான் இருந்தது பூட்டிய கதவுக்கு வெளியே. திரை எங்கேயோ உள்ளறையில் கட்டில்மேல் கிடக்கிறது.

“இல்ல மாமா. யாரும் சாகல. எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்கன்னு போட்டிருக்கு.”

“ம்” என்றார். பிறகு, “இங்கிருந்து கூப்பிட்டா வெளிய கேக்குதா?” என்றார்.

“நல்லா கேக்குது.”

“போயிராத.”

“போகல மாமா. படியிலதான் உக்காந்திருக்கேன்.”

படியில் உட்கார்ந்தேன். உள்ளே சட்டம் அசையும் சத்தம் நின்றது. கீழ்மாடியில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அப்புறம் அவர், சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல், என்னைக் கூப்பிட்டார். “இருக்கேன் மாமா” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்.